வாசகர் கேள்வி பதில்: அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்கள்

கேள்வி: அமெரிக்காவில் பேறுகாலத்தில் கறுப்பினப் பெண்கள்தான் அதிகம் இறக்கிறார்களாமே? வறுமைதான் காரணமா?

பதில்: வறுமைக்கும் பங்குண்டு, ஆனால் அதோடு முடியவில்லை. 2023இல் ஒரு லட்சம் பிறப்புக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். (கர்ப்பகாலம் தொடங்கி, அது முடிந்து 42 நாள் வரையிலான கணக்கு இது.) பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகம் என்று 2019இல் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்டது. காசும் படிப்பும் காப்பாற்றவில்லை என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடுவது.

கேள்வி: இனத்துக்கு இனம் உடற்கூறு மாறுவதால் இருக்குமோ?

பதில்: இல்லை. குழந்தைகளின் பிறப்பு எடையிலும் இதே இன இடைவெளி உண்டு. அதைப் பற்றி இல்லினாய் மாநிலப் பிறப்புகளை வைத்து 1997இல் ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள், எடையில் வெள்ளையினக் குழந்தைகளையே ஒட்டியிருந்தன. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள்தான் எடை குறைந்து பிறந்தன. மரபணு காரணமென்றால் இப்படி வருமா?

கேள்வி: மருத்துவமனையில் எந்த இடத்தில் தவறுகிறது?

பதில்: பெரும்பாலும் தாமதத்தில். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டு, 15 நிமிடம் கழித்தும் இறங்கவில்லையென்றால், 30 முதல் 60 நிமிடத்துக்குள் லேபெட்டலால், ஹைட்ரலசின், நிபெடிபின் ஆகிய ரத்த அழுத்த மருந்துகளில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ‘பதற்றம்தான், படுத்திரு’ என்று சொல்லி விட்டுவிட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம்.

ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவது இன்னொரு கோளாறு. போக்கு கூடக்கூட, கண் குறைத்தே சொல்லும். நனைந்த பஞ்சு, துணி, விரிப்பு எல்லாவற்றையும் தராசில் வைத்து, அவற்றின் உலர்ந்த எடையைக் கழிக்க வேண்டும். மீதி ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர். 1,000 மில்லிலிட்டரை எட்டினால், பெண் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அவசரச் சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். கலிபோர்னியாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ரத்தப்போக்குக்கு இப்படியொரு பொது நடைமுறையைக் கொண்டுவந்தபோது, அதனால் வரும் கடும் பாதிப்பில் கறுப்பு, வெள்ளை இடைவெளி குறைந்தது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை முழுதாக நம்பக் கூடாது. கருத்த தோலில் அது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் தமனி ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு திரும்பிய பிறகு ஆபத்து தீர்ந்ததா?

பதில்: இல்லவே இல்லை. ஓராண்டு வரையிலான இறப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பிரசவமாகி ஒரு வாரம் கழிந்த பின்பே நேர்கின்றன. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீடு முன்பு 60 நாளில் முடிந்துவிடும். 2022 முதல் மாநிலங்கள் அதை 12 மாதமாக நீட்டிக்க வழி பிறந்திருக்கிறது. பேறுகால ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு 10 நாளுக்குள் கட்டாயம் மறுபரிசோதனை வேண்டும். கடுமையாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள். விடாத தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது: இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே ‘எனக்குப் பிரசவமாகி இத்தனை வாரம்’ என்று முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் தலைவலியாக எண்ணி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.