விஎம் (மெய்நிகர் கணினி) ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது மட்டும், அந்த நேரத்தில் தரவை உறைய வைக்கும் ஃப்ரீஸ் ஸ்கிரிப்ட் ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறது. லினக்ஸின் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸை அணைத்துவிடலாமா?

அணைக்க வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பூட்டும் ஸ்கிரிப்ட் நீங்கள் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) ஓட்டினால் ஓடுகிறது, ஹோஸ்டிலிருந்து (விஎம்மைத் தாங்கும் கணினியிலிருந்து) ஸ்னாப்ஷாட் எடுத்தால் அடிபடுகிறது.

இரண்டு தடவையும் ஓட்டுவது ரூட்தான். ஆனால் எஸ்இலினக்ஸ் பார்ப்பது டொமைனை, அதாவது ஒரு புரோசஸ் எதையெல்லாம் தொடலாம் என்று வரையறுக்கும் வகையை. உங்கள் ஷெல் இருப்பது கட்டுப்பாடில்லாத டொமைனில். விஎம்முக்குள் ஓடும் கெஸ்ட் ஏஜென்ட்டான கியூஎமு-ஜிஏ-வையோ ஃபெடோரா, ரெட்ஹேட் பாலிசி (விதித்தொகுப்பு) ‘விர்ட்_கியூஎமு_ஜிஏ_டி’ என்ற தனி டொமைனில் அடைத்து வைத்திருக்கிறது. விர்ட்டியோ சீரியல் என்ற மெய்நிகர் இணைப்பு வழியாக ஹோஸ்ட் சொல்வதை ரூட் அதிகாரத்தோடு செய்யும் புரோசஸ் அது. அதைக் கட்டிப்போடாமல் வேறு எதைக் கட்டிப்போடுவது?

முதலில் ‘எல்எஸ் -இசட்’ கொடுத்து ஸ்கிரிப்டின் லேபிளை (கோப்பின் மேல் எஸ்இலினக்ஸ் ஒட்டும் அடையாளத்தை) பாருங்கள். பெரும்பாலும் ‘அட்மின்_ஹோம்_டி’ என்று இருக்கும். ரூட்டின் ஹோமில் எழுதிவிட்டு ‘எம்வி’ போட்டு நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும்; ‘சிபி’ போட்டு நகலெடுத்திருந்தால் போன இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். ஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய இடம் /எட்சி/கியூஎமு-ஜிஏ/எஃப்எஸ்ஃப்ரீஸ்-ஹுக்.டி. அங்கே வைத்து, லேபிளைச் சரிசெய்யும் ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்டினால் ‘விர்ட்_கியூஎமு_ஜிஏ_அன்கன்ஃபைன்ட்_எக்ஸெக்_டி’ என்ற லேபிள் ஏறும். இவ்வளவு நீளப் பெயர் வைத்தவரை விட்டுவிடுவோம், வேலை நடக்கிறது: ஏஜென்ட் இந்த லேபிள் உள்ள ஸ்கிரிப்டைக் கூப்பிட்டால், அந்த ஸ்கிரிப்ட் மட்டும் தன் சொந்த டொமைனுக்கு மாறி ஓடும். ஏஜென்ட் கூண்டுக்குள்ளேயே இருக்கும்.

அப்புறமும் ஓடவில்லையா? ‘ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசென்ட்’ போட்டு எஸ்இலினக்ஸ் மறுத்தவற்றின் பதிவைப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் மறுப்பைப் பதிவு செய்யாதே என்னும் ‘டோன்ட்ஆடிட்’ விதி மறைத்திருக்கலாம். ‘செமாட்யூல் -டிபி’ போட்டு மறைப்பை நீக்கி, மறுபடி ஸ்னாப்ஷாட் எடுத்து, முடிந்ததும் ‘செமாட்யூல் -பி’ போடுங்கள். சோதனைக்காகத் தளர்த்தியே ஆகவேண்டும் என்றால் ‘செமனேஜ் பெர்மிசிவ் -ஏ’ கொண்டு ஏஜென்ட்டின் டொமைனை மட்டும் தளர்த்துங்கள். மற்றவை எல்லாம் காவலில் இருக்கும். வேலை முடிந்ததும் ‘-டி’ போட்டு எடுத்துவிடுங்கள். மறுப்புப் பதிவிலிருந்து அனுமதி விதி எழுதும் ‘ஆடிட்டூஅலோ’ துப்புவதை அப்படியே ஏற்றாதீர்கள். லேபிள் தப்பாக இருக்கும்போது அது எழுதித் தரும் விதி, ரூட் ஹோமில் உள்ள கோப்புகளை ஏஜென்ட்டுக்குத் திறந்துவிடும்.

ஸ்கிரிப்டை ஹுக் (மேலே சொன்ன கோப்புறை) வழியாக இல்லாமல், ஹோஸ்டிலிருந்து விஎம்முக்குள் நிரல் ஓட்டும் ‘கெஸ்ட்-எக்ஸெக்’ மூலம் ஓட்டுகிறீர்கள் என்றால் சங்கதி வேறு. ரெட்ஹேட் வகையறாவில் அந்தக் கட்டளை ஏஜென்ட்டின் சொந்த அமைப்பிலேயே இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது /எட்சி/சிஸ்கான்ஃபிக்/கியூஎமு-ஜிஏ.