அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் வேட்டை, வாத்து வேட்டை: புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

பதில்: குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசின் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு இங்கே அந்த வகுப்புச் சான்றிதழ் தேவை.

கேள்வி: பரணில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்த மான் திடீரென்று திரும்பி ஓடிவிட்டது. ஆரஞ்சு உடைதான் காரணமா?

பதில்: இல்லை. அந்த நிறம் மானின் கண்ணுக்கு நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது. துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில் அதைக் கழற்றவே கழற்றாதீர்கள். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் நீங்கள் படுவது அதனால்தான். சட்டமும் அதுதான், உயிரும் அதில்தான் இருக்கிறது. உங்களைக் காட்டிக்கொடுத்தது காற்று. நம் எருக்குக்கு உறவான ஒரு செடி இங்கே வயலோரங்களில் விளைகிறது. அதன் காய்ப்பஞ்சில் ஓர் இழையைப் பரணிலிருந்து பறக்கவிட்டுப் பாருங்கள். பத்தடி நேராகப் போகும், பிறகு சட்டென்று பள்ளத்தை நோக்கி இறங்கும். உங்கள் வாடை போகும் வழியும் அதுவே. அமைதியான நாளில் வெயில் ஏறினால் சரிவில் காற்று மேலேறும், மாலையில் கீழிறங்கும். காலைக்கு ஏற்ற பரண் மாலைக்கு ஆகாமல் போவது இதனால்தான். பரணில் ஏறும்போதே, விழாமல் தாங்கும் இடுப்பு, தோள் வார்களை மாட்டிவிடுங்கள்.

கேள்வி: சுட்ட மானை எப்போது தேடிப் போக வேண்டும்?

பதில்: இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் கீழ்ப்பாதியில் குறி வையுங்கள். சுட்டபின் அது எங்கே நின்றது, எந்த மரத்தைத் தாண்டி மறைந்தது என்பதை மனதில் பதித்துக்கொண்டு, அரை மணி நேரம் அப்படியே இருங்கள். பிறகு இறங்கி ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கலாம். சில மணி நேரம் பொறுங்கள். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் வயிறு. எட்டு மணி நேரமாவது கிட்டப் போகாதீர்கள். துரத்தினால் அடிபட்ட மான் எழுந்து ஓடி, எங்கோ புதரில் யாருக்கும் பயனின்றிச் சாகும். சந்தேகமான குறியென்றால் சுடாமல் விடுங்கள். மான் போனால் போகட்டும்.

கேள்வி: வாத்துகளை ஈர்க்கும் பொம்மை வாத்துகளை எப்படி மிதக்கவிடுவது?

பதில்: வாத்து எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். பொம்மைகளுக்கு நடுவே இறங்க இடம் விடுங்கள். நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவை (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) 1991 முதல் நாடு முழுவதும் தடை. எஃகு ரவை எடை குறைவு, வேகம் சீக்கிரம் குறையும். நாற்பது கஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள். பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் வாத்து முத்திரையும் (டக் ஸ்டாம்ப்) வேண்டும்.

கேள்வி: மான் கறியில் நோய் என்கிறார்களே?

பதில்: மானின் மூளையைச் சிதைக்கும் அந்த நோய் (சிடபிள்யூடி, Chronic Wasting Disease) விஸ்கான்சினில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனால் நோய்க்குக் காரணமான புரதம் சமைத்தாலும் அழியாது. மாநில இயற்கை வளத்துறையிடம் சோதனைக்கான மாதிரியைக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை உறைய வைத்திருங்கள். நோய் உறுதியானால் உண்ணாதீர்கள்.