கிளப்பில் சேரும் முன் ஒரு வியாழக்கிழமை போய்ப் பாருங்கள்

தம்பி, மெல்பர்ன் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தால் எவ்வளவு செலவாகும், மட்டையை ஊரிலிருந்தே வரவழைக்கலாமா, மனைவிக்கும் குழந்தைக்கும் அங்கே பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டை எங்கே வாங்கினாலும் சரி. சந்தா கிளப்புக்குக் கிளப் மாறும், கேட்டால் சொல்லிவிடுவார்கள். கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

சீசன் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலையில் பயிற்சி. சனிக்கிழமை மதியம் போனால் திரும்பச் சாயங்காலம் ஆறு, ஏழு ஆகிவிடும். சில கிரேடுகளில், அதாவது ஆட்டத் தரப் பிரிவுகளில், ஒரே ஆட்டம் இரண்டு சனிக்கிழமை நடக்கும். இதையெல்லாம் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

முதல் சீசனில் ஒருநாள் வெயில் 38 டிகிரி. மைதானத்தைச் சுற்றி ஒரு மரம் கிடையாது. என் மனைவி ஏழு மாதக் குழந்தையோடு காருக்குள் இருக்கிறாள். விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் நிற்கும் எனக்குக் கார்க் கண்ணாடி ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. இந்த ஊரில் அவளுக்கு என்னைத் தவிர ஒருவரையும் தெரியாது. அந்த ஒருவனும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெயிலில் போய் நின்றுவிட்டான்.

அடுத்த வருடம் வேறு கிளப் தேடினேன். இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை போனேன். அன்றுதான் சனிக்கிழமைக்கான அணியை அறிவிப்பார்கள், பல கிளப்புகளில் சாப்பாடும் இருக்கும். பெண்களும் பிள்ளைகளும் அங்கே சகஜமாக உட்கார்ந்திருந்தால் சேருங்கள். வெறும் பீர் பாட்டில்கள்தான் என்றால் அடுத்த கிளப்பைப் பாருங்கள். குடிக்காதவர் என்றால் ஒரு கோக்கோடு நில்லுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் நில்லுங்கள்.

நம் ஆட்கள் மேல் எனக்குள்ள வருத்தமே அதுதான். கடைசி விக்கெட் விழுந்ததும் கிட் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பவுண்டரிக் கூம்புகளைப் பொறுக்குவது, கேன்டீனில் ஒரு மணி நேரம் நிற்பது எல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலை இல்லை. உறுப்பினர்கள்தான் செய்கிறார்கள். பிறகு, 'வெள்ளைக்காரன் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை' என்று மனத்தாங்கல். சேர்க்காதவர்களும் உண்டு, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் பாதி நேரம் நாம்தான் அங்கே இருப்பதில்லை. குழந்தை வளர்ந்து, ஜூனியர் அணிக்கு உதவப் போகிறீர்களென்றால் சிறுவர்களோடு பணிபுரிவதற்கான அரசுச் சான்று வேண்டும். தன்னார்வலர்களுக்கு நம் விக்டோரியா மாநிலத்தில் அது இலவசம், வாங்கி வையுங்கள்.

அப்படிப் பார்த்துச் சேர்ந்த இரண்டாவது கிளப்பில் ஸ்கோர் எழுதிய ஒரு பாட்டி என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு பந்தும் அப்படியே போனால் அந்த ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து 'எம்' என்ற எழுத்தாக்க வேண்டும், அது மெய்டன். புள்ளிக்கோலம் போட்டு வளர்ந்தவள், ஒரே மாலையில் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சீசனில் என்னை 'ஸ்கோரர் வீட்டுக்காரர்' என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

இப்போது ஸ்கோரைக் கைப்பேசியிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அவளும் ஏற்றுகிறாள். ஆனாலும் சனிக்கிழமை காலையில் இரண்டு பென்சிலைச் சீவிப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறாள்.