‘கோ டூ’ போட்டால் குற்றமா?

கேள்வி: சி மொழி லேப் தேர்வில் ‘கோ டூ’ (goto, பெயரிட்ட வேறொரு வரிக்கு நேராகத் தாவும் கட்டளை) பயன்படுத்தியதற்கு மார்க் குறைத்தார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, அங்கே மட்டும் எப்படிச் சரி?

பதில்: 1968 மார்ச்சில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா ஒரு பத்திரிகைக்கு எழுதிய ‘கோ டூ தீங்கானது’ என்ற கடிதத்திலிருந்துதான் இதற்குக் கெட்ட பெயர். (அந்தக் காரமான தலைப்பு அவருடையதல்ல, பத்திரிகை ஆசிரியர் விர்த் வைத்தது.) ஒரு வரிக்கு எந்த வழியாக வந்தோம் என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது என்பதே அவர் குறை. பின்னோக்கித் தாவி லூப் கட்டுவதும், லூப்பின் நடுவில் வெளியிலிருந்து குதிப்பதும் அந்த ரகம். நீங்கள் எழுதியது அப்படியென்றால் மார்க் போனது நியாயம்தான்.

கெர்னலில் தாவுவது பெரும்பாலும் கீழ்நோக்கி, அதுவும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க. ஒரு ஃபங்ஷன் முதலில் மெமரி, அடுத்து பஃபர், மூன்றாவதாக ஐஆர்க்யூ (வன்பொருள் கூப்பிடும் இன்டரப்ட் இணைப்பு) கேட்கிறது. ஐஆர்க்யூ கிடைக்கவில்லையா? ‘பஃபரை விடு’ லேபிளுக்கு (தாவ வேண்டிய வரிக்கு வைத்த பெயர்) தாவு. அதன் கீழேயே ‘மெமரியை விடு’ இருப்பதால் இரண்டும் தானாக நடக்கும். பஃபரே கிடைக்காவிட்டால் நேராக ‘மெமரியை விடு’. லேபிள்கள் வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக இருக்க வேண்டும். இதையே ஒவ்வொரு இஃபுக்குள்ளும் எழுதினால், நாளை நான்காவதாக ஒன்றைச் சேர்க்கும்போது ஏதாவது ஓரிடம் விட்டுப்போகும். அங்கே மெமரி லீக், அதாவது வாங்கிய மெமரி திரும்பாமலே போகும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. எல்லாவற்றுக்கும் ‘எர்ர்’ என்று ஒரே லேபிள் வைத்தால், மெமரியே கிடைக்காத நிலையில் அதற்குள் இருக்கும் பாயின்டரை விடுவிக்கப் போய் கிராஷ் ஆகும். லேபிள்களுக்கு முன் ‘ரிட்டர்ன் 0’ மறந்தால், வெற்றிகரமாக வாங்கியதும் விடுபட்டுவிடும். தாவுமுன் எர்ரர் கோடை வைக்காவிட்டால், தோல்வியே 0 என்று, அதாவது வெற்றி என்று திரும்பும்.

2014இல் ஆப்பிளின் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்பு) கோடில் இந்த மூன்றாவதன் பங்காளி வெளிப்பட்டது. அடைப்புக்குறி இல்லாத இஃபின் கீழ் ‘கோ டூ ஃபெயில்’ இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது எப்போதும் ஓடியது. எர்ரர் கோடு வைக்கும் ‘எர்ர்’ 0 ஆகவே இருந்ததால், சர்வரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்காமலே ‘சரி’ என்றது. ஐஓஎஸ் 7.0.6இல் திருத்தினார்கள். பழி ‘கோ டூ’வுக்குப் போனது, அந்த இடத்தில் ‘ரிட்டர்ன் எர்ர்’ இரண்டு முறை வந்திருந்தாலும் இதே கதிதான். ஜிசிசி கம்பைலரில் 6ஆம் பதிப்பு முதல், ‘-Wall’ ஆப்ஷன் போட்டால் இப்படி ஏமாற்றும் இன்டென்டுக்கு (வரித் தொடக்க இடைவெளிக்கு) எச்சரிக்கை வரும்.

கேள்வி: ஜாவாவில் இரட்டை லூப்பிலிருந்து ஒரேயடியாக வெளியேற?

பதில்: ‘கோ டூ’ அங்கே ஒதுக்கி வைத்த சொல், பயன்படுத்த முடியாது. வெளி லூப்புக்கு லேபிள் கொடுத்து ‘பிரேக் லேபிள்’ எழுதுங்கள். தேடும் வேலையென்றால் தனி மெத்தடாக்கி, கிடைத்ததும் ரிட்டர்ன் செய்வது இன்னும் சுத்தம்.