சரசு ஏன் கிளம்பவில்லை? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன். 2061ஆம் ஆண்டு. வயதுவந்த எல்லோருக்கும் முதல் தேதியானால் பிழைக்கிற அளவுக்கு அரசாங்கம் பணம் போடுகிறது, வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும். அந்தக் காலத்திலும் உங்கள் சரசு விடிவதற்கு முன்பே எழுந்து மாவு கரைக்கிறாள், திட்டுகிற புருஷனோடு இருக்கிறாள். காசு இருந்தும் ஏன் கிளம்பவில்லை? இதைச் சொல்ல எதிர்காலம் எதற்கு? அப்புறம், 2061இல் யார் பாஸ்புக் வைத்திருப்பார்கள்?

நித்யா

அன்புள்ள நித்யா,

கிளம்பவில்லைதான். ஆனால் தாலிக்கொடி ஊக்கில் ஒரு சாவி கோத்திருக்கிறாள், பெருங்களத்தூரில் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்த ஒற்றை அறையின் சாவி. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது என் தப்பு. சாவியைப் பார்த்த மறுநாளே அவன் குரல் இறங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருப்பவளிடம் ஒருவன் எப்படிப் பேசுவான் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பெண் கையில் பணம் வந்தால் குடும்பம் உடையும் என்பது பழைய பயம். 1970களில் அமெரிக்காவில் சியாட்டில், டென்வர் நகரங்களில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உத்தரவாத வருமானம் கொடுத்துப் பார்த்தார்கள். மணமுறிவு கூடியதாகக் கணக்கு வந்ததும், அந்த யோசனையை முன்னின்று ஆதரித்த செனட்டர் மொய்னிஹனே பின்வாங்கினார். 1990இல் அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த முடிவு நிற்காது என்றார்கள். அதற்குள் பேச்சே அடங்கிவிட்டது. கூடியதோ இல்லையோ, கையில் காசில்லாததால் மட்டும் நிற்கிற கல்யாணத்தை எதற்கு அப்படிக் கட்டிக் காக்க வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்தப் பக்கமே போகிறார்கள், அவர்களும் 97 நிமிடம். கணக்கில் எத்தனை ஆயிரம் விழுந்தாலும் அந்த 299 தானாகக் குறையாது. சரசுவின் புருஷனுக்கும் அதே பணம் வருகிறதே. அவன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குத் தினமும் மூன்று காபி கூடுதலாகப் போடும் வேலை, அவ்வளவுதான்.

எதிர்காலம் எதற்கு என்றீர்கள். கதை பிறந்தது 2023 செப்டம்பரில், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முதலாக வந்த வாரம். எதிர்வீட்டு அம்மாவின் வங்கிக் கணக்கில் இருந்தது அவர் கணவரின் போன் நம்பர். குறுஞ்செய்தி அவருக்குத்தான் வரும். "உன் ஆயிரம் வந்துடுச்சு" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அந்த 'உன்'னில் ஓர் இழுவை இருக்கும். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வங்கிக்குப் போய் நம்பரை மாற்றினார். மாவு அரைக்க வந்த என்னிடம் பாஸ்புக்கை விரித்து, அந்த 1,000 அச்சாகியிருந்த வரியை விரலால் தடவிக் காட்டினார். ஆனால் அந்தத் தொகைக்கு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்புகள் உண்டு. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லோருக்கும் என்று எழுத நான் 2061 வரை போகவேண்டியிருந்தது.

பாஸ்புக் இருக்கட்டும், நித்யா. அதை மட்டும் எடுக்க மாட்டேன்.