வாசகர் கேள்வி – பதில்: புல்வெளி நாட்டில் நட்டு வளர்த்த மரங்கள்

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரில் முதுகலை படித்து முடிக்கிறாள். மே மாத நடுவில் நடக்கும் பட்டமளிப்பு விழாவிற்கு நானும் என் கணவரும் சென்று இரண்டு வாரம் தங்கவிருக்கிறோம். கெடாவில் ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அவர், எங்கு போனாலும் மரம் செடிகளைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே சோளக்கொல்லையும் புல்லும் தவிர ஒன்றுமில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பார்க்கத் தகுந்த தாவரத் தோட்டங்கள் உண்டா? அவருக்கு முழங்கால் வலியும் இருக்கிறது.
— ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்கள் உறவினர்கள் சொன்னதில் பாதி உண்மை. நெப்ராஸ்கா இயற்கையாகவே புல்வெளி நாடு. ஆற்றோரங்களை விட்டால் அங்கே மரம் அரிது. அதனால்தான் அங்குள்ள மரத்தோட்டங்களைப் பார்க்க வேண்டும் என்கிறேன். 1884இல் தொடங்கிய உங்கள் தண்ணீர்மலைத் தாவரப் பூங்காவில், சுற்றியிருக்கும் காடு உள்ளே நுழைந்துவிடாமல் தடுப்பதே தோட்டக்காரருக்குப் பெரும்பாடு. நெப்ராஸ்காவிலோ காற்றுக்கும் வறட்சிக்கும் கடுங்குளிருக்கும் நடுவில் ஒரு மரத்தைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடு.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நெப்ராஸ்கா சிட்டிக்குச் செல்லுங்கள். லிங்கனிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஸ்டெர்லிங் மார்ட்டன் என்னும் செய்தித்தாள் ஆசிரியர் 1850களில் அங்கே மரமற்ற மேட்டு நிலத்தில் குடியேறி, பழமரங்களையும் நிழல்மரங்களையும் நட்டுக்கொண்டே இருந்தார். அவர் முன்மொழிந்தபடி 1872 ஏப்ரல் 10ஆம் நாள் அம்மாநிலம் முதல் மரநடு நாளைக் கொண்டாடியது. அன்று ஒரே நாளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன என்று கணக்குச் சொல்கிறார்கள். உலகின் பல நாடுகளில் இன்று கொண்டாடப்படும் மரநடு விழாக்கள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரி. 52 அறைகள் கொண்ட அவர் குடும்ப மாளிகையும் அதைச் சுற்றியுள்ள மரத்தோட்டமும் இப்போது வரலாற்றுப் பூங்காவாக இருக்கின்றன. மாளிகையை விரைவாகப் பார்த்துவிட்டு மரங்களுக்கு நேரம் ஒதுக்குவதே நல்லது.

லிங்கனிலேயே, பல்கலைக்கழகத்தின் கிழக்கு வளாகத்தில் மேக்ஸ்வெல் மரத்தோட்டம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நீங்கள் செல்லும் பருவத்தில் லைலாக் பூக்களின் கடைசி மணமாவது மிஞ்சியிருக்கும். பள்ளத்தில் அமைந்த சங்கன் கார்டன்ஸ், 1930இல் வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காக உருவாக்கப்பட்ட சிறு மலர்த்தோட்டம்; மே மாதத்தில் ஆண்டுக்கொரு புதிய வடிவில் நாற்று நடுவார்கள் என்பதால், பூ நிறைந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒமாஹாவின் லாரிட்சன் கார்டன்ஸ் 100 ஏக்கர் பரப்புள்ளது, அழகானது, கட்டணமும் உண்டு. அங்குள்ள கண்ணாடி மாளிகையில் வெப்பமண்டலச் செடிகளைப் போற்றி வளர்க்கிறார்கள். பினாங்கிலிருந்து போய்ப் பணம் கட்டி அதைப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

இவை தவிர, 1978இல் தொடங்கிய நெப்ராஸ்கா மாநில மரத்தோட்ட அமைப்பு ஓரிடத்தில் வேலி போட்ட தோட்டமன்று. கல்லூரி வளாகங்கள், சிற்றூர்ப் பூங்காக்கள், பழைய கல்லறைத் தோட்டங்கள் எனப் பல இடங்களை அது ஒன்றாக இணைத்திருக்கிறது. வழியில் ஏதாவதொரு சிற்றூரில் காரை நிறுத்திவிட்டு, மாநில மரமான காட்டன்வுட்டின் கீழ் சற்று அமரச் சொல்லுங்கள். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் மெல்லிய காற்றுக்கும் இலைகள் சலசலக்கும். கண்ணை மூடினால் கோயில் அரசமரத்தடியில் இருப்பதாகவே தோன்றும். மே இறுதியில் அதன் விதைகள் இலவம்பஞ்சு போலப் பறக்கத் தொடங்கும்.

உங்கள் கணவருக்கு உண்மையில் வியப்பளிக்கக்கூடியது, லிங்கனிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத் தொலைவில் ஹால்சி அருகே உள்ள காடு. புல் மூடிய மணற்குன்றுகளில் ஊசியிலை மரம் வளரும் என்று தாவரவியல் பேராசிரியர் சார்ல்ஸ் பெஸ்ஸி வாதாடியதன் பேரில், 1902இல் அங்கே நாற்றுப்பண்ணை அமைத்து, ஏறத்தாழ 20,000 ஏக்கரில் கையாலேயே காடு நட்டார்கள். அந்த நாற்றுப்பண்ணை இன்றும் இயங்குகிறது. ஆனால், மரம் நடுவதெல்லாம் நன்மைக்கே என்று உங்கள் கணவர் முடிவு கட்டிவிட வேண்டாம். கிழக்குச் செஞ்சிடார் மரம் அம்மாநிலப் புல்வெளிகளுக்குள் களைபோலப் பரவுவதால் அதை வெட்டியும் எரித்தும் கட்டுப்படுத்துகிறார்கள்.

ஆகவே புல்லையும் பார்க்க வேண்டும். காலமெல்லாம் லாலாங் புல்லை ஒழிப்பதே வேலையாக இருந்த ஒரு கிராணி, புல்லைக் காப்பாற்றுவதற்காக ஊதியம் வாங்குபவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். பியாட்ரிஸ் அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவில், உழுது அழிக்கப்பட்ட நிலத்தில் 1939 முதல் உயர்புல்வெளியை மீட்டு வளர்த்து வருகிறார்கள். மே மாதத்தில் புல் குட்டையாகத்தான் இருக்கும். பெரும் நீலத்தண்டுப் புல் ஆள் உயரம் தாண்டுவது ஆகஸ்டு, செப்டம்பரில்தான்.

முழங்காலைப் பொறுத்தவரை மேக்ஸ்வெல் தோட்டத்தில் சிரமம் இராது. புல்வெளிப் பாதைகளில் கைத்தடி வேண்டும். அங்கே உண்ணிகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்து, திரும்பியதும் உடலைச் சோதித்துப் பாருங்கள். மே மாதம் சுழற்காற்றுப் பருவமும்கூட. அபாயச் சங்கு ஒலித்தால் வேடிக்கை பார்க்காமல் நிலவறைக்குச் செல்ல வேண்டும். பொதுப் பேருந்தை நம்பிச் சிற்றூர்களுக்குப் போக முடியாது, மகளைக் கார் ஓட்டச் சொல்லுங்கள். ஓக் கொட்டைகளை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதைகளைக் கொண்டுவர நம் நாட்டில் இறக்குமதி அனுமதி வேண்டும்.

கேள்வி: மரத்தோட்டத்திற்கும் பூங்காவிற்கும் என்ன வேறுபாடு? நம் ஊரில் அப்படி ஒன்று உண்டா?
— ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பூங்கா, பொழுதுபோக்குக்கு உரியது. மரத்தோட்டம் என்பது இனம் இனமாக மரங்களை நட்டு, பெயரிட்டு, பதிவேட்டில் குறித்து ஆராயும் இடம். உங்களுக்கு அருகிலேயே கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் 1929இல் தொடங்கிய மரத்தோட்டம் இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் நட்டு உருவாக்கப்பட்ட அந்த வனப்பூங்கா 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பழங்காலத்தில் பாரூஸ் கற்பூரம் தந்த கப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள்: ஒரு மரத்தின் கொண்டை அடுத்ததைத் தொடாமல், இடையே ஓடைகள் ஓடினாற்போல வானம் தெரியும்.