துபாய் போற தம்பிக்கு ரோட்டைப் பத்தி என்ன சொல்லி அனுப்பறது?

கேள்வி: என் தம்பி அடுத்த மாசம் ஏசி மெக்கானிக் வேலைக்கு துபாய் போறான். பைக் நல்லா ஓட்டுவான், லைசென்சும் இருக்கு. அங்க வண்டியெல்லாம் பயங்கர வேகம்னு சொல்றாங்க, பயமா இருக்கு. இந்த லைசென்சை வச்சு அங்க ஓட்டலாமா? - ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: ஓட்டக்கூடாதும்மா. வேலை விசாவுல அங்க தங்கிட்டா நம்ம லைசென்ஸ் செல்லாது, இங்க ஆர்டிஓவுல வாங்கற இன்டர்நேஷனல் பெர்மிட்டும் விசிட்ல போறவங்களுக்குத்தான். அந்த ஊர் லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் சூப்பர்வைசரே சாவிய நீட்டினாலும் தொடவேணாம்னு சொல்லுங்க.

ஆனா எனக்கு கவலை அவன் நடக்கறதைப் பத்திதான். போன புதுசுல நடந்துதானே போகணும். நம்ம சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்ல கைய காட்டிட்டு இறங்கினா டிராஃபிக் நெரிசல்ல ஊர்ந்து வர்ற வண்டி நின்னுடும், நாமளும் சின்ன வயசுல இருந்து முதல்ல வலது பக்கம் பாத்தே பழகிட்டோம். அங்க வண்டிங்க ரோட்டோட வலது பக்கமா போகும், அதனால ஓரத்துல நிக்கறவன் மேல முதல்ல வர்ற வண்டி இடது பக்கத்துல இருந்து வரும், இது தெரிஞ்சிருந்தாலும் டூட்டி முடிச்சு அசதியில வரும்போது கழுத்து பழைய பக்கம்தான் திரும்பும். இடது, வலது, திரும்ப இடதுன்னு நின்னு பாத்து போகச் சொல்லுங்க, சிக்னல்ல பச்சை மனுஷன் எரிஞ்சாலும் திரும்பற வண்டிய பாக்கணும்.

துபாயோட பெரிய ஹைவே ஷேக் சையத் ரோடு மாதிரி ரோடெல்லாம் ஓடித் தாண்டற ரோடே இல்ல. மெட்ரோ ஸ்டேஷன் பாலத்துல ஏறிப் போகட்டும், சுத்துதான், பரவால்ல. கண்ட இடத்துல தாண்டினா 400 திர்ஹம் ஃபைன், 2025 மார்ச்ல வந்த புது சட்டப்படி ஸ்பீட் லிமிட் 80ம் அதுக்கு மேலயும் இருக்கற ரோடுன்னா ஜெயில், 10,000 திர்ஹம் ஃபைன்னு கூட போகும். ரூம்ல இருக்கற பழைய ஆளுங்க வேலியில ஒரு சந்து காட்டி 'நாங்க டெய்லி இப்படித்தான் போறோம்'பாங்க, புதுசா வந்தவன் மறுத்துப் பேச கூச்சப்படுவான், அங்கதான் உயிர் போகுது. இத நீங்களே வாய்விட்டு சொல்லுங்க, அக்கா சொன்னா மனசுல நிக்கும்.

கார்ல, வேன்ல பின் சீட்டுன்னாலும் பெல்ட் போடணும். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998, ரெண்டையும் கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல ஏத்திக் கொடுத்துடுங்க.